செல்ஃப் சுற்றுகிற வண்டிக்கு பேட்டரி மாற்றச் சொன்னார்கள், நானும் மாற்றினேன்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். வேளச்சேரியில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், வண்டி ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தது. 2015 மாடல், 100 சிசி பைக், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டி. காலையில் செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை. முப்பது கிக் அடித்தும் அதே கதை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு மெக்கானிக் கடையில் விட்டேன். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை.

மதியம் போன் வந்தது. "சார், சிடிஐ போயிடுச்சு. காயிலும் வீக். பேட்டரி சுத்தமா இல்ல. கார்புரேட்டரைப் பிரிச்சா உள்ள கிட் எல்லாம் தேஞ்சு கிடக்கு." சிடிஐ என்றால் பிளக்குக்குப் பொறியை நேரம் பார்த்து அனுப்பும் சின்னப் பெட்டி, காயில் அந்தப் பொறிக்கு வேண்டிய மின் அழுத்தத்தை ஏற்றிக் கொடுப்பது. நான் மீட்டிங்கில் இருந்தேன். சரி, பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். என் தப்பு அந்த "சரி"யில்தான் ஆரம்பித்தது. செல்ஃப் பேட்டரியில்தான் ஓடும். காலையில் என் கண் முன்னால் அது அவ்வளவு வேகமாகச் சுற்றியதே, அப்புறம் பேட்டரி எப்படிச் சுத்தமாக இல்லாமல் போகும்? அந்தக் கேள்வி அப்போது தோன்றவே இல்லை.

சாயங்காலம் கொடுத்த கணக்கு: சிடிஐ 1,100, காயில் 750, கார்புரேட்டர் கிட் 450, பேட்டரி 1,450, கூலி 600. மொத்தம் 4,350 ரூபாய். பில் கேட்டேன். சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். பழைய சாமான்களைக் கேட்கவில்லை. வண்டி ஒரே கிக்கில் கிளம்பியது, அந்தச் சந்தோஷத்தில் வந்துவிட்டேன். (அன்று மதியமே வெயில் அடித்துக் காய்ந்துவிட்டிருந்தது. கிளம்பாமல் என்ன செய்யும்?)

மூன்றாம் நாள் மறுபடி மழை, மறுபடி மக்கர். இந்த முறை செல்ஃபும் 'டக் டக்' என்பதோடு நின்றுவிட்டது. புதுப் பேட்டரி!

பக்கத்துத் தெருவில் பஞ்சர் கடையோடு சேர்த்து மெக்கானிக் வேலையும் பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் எதையும் கழற்றவில்லை. வண்டியை இருட்டான ஷட்டருக்குள் தள்ளி, "தம்பி, பிளக் பக்கம் பாத்துக்கிட்டே இரு" என்று கிக் அடித்தார். பிளக் கேப்பின் (ஒயரைப் பிளக்கோடு இணைக்கும் மூடி) மேல் நீல நிறத்தில் ஒரு பொறி கோடு மாதிரி ஓடி இன்ஜினில் இறங்கியது. கேப்பில் மயிரிழை விரிசல், உள்ளே ஈரம். பிளக் முனைக்குப் போக வேண்டிய கரண்ட், ஈரமான விரிசல் வழியாக வெளியே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. காய்ந்தால் ஓடும், நனைந்தால் படுக்கும். ஒயரின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புது கேப் போட்டார். கூலியோடு 150 ரூபாய்.

"அண்ணே, புது சிடிஐ எப்படி இருக்குன்னு பாருங்க" என்றேன். சைடு கவரைக் கழற்றியவர் சிரித்துவிட்டார். சிடிஐ மேல் வருடக்கணக்கில் படிந்த மண். மூன்று நாளில் அவ்வளவு மண் சேராது. பேட்டரி டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தது. நான் பத்து மாதம் முன்னால் வாங்கிய பேட்டரியின் கேரண்டி கார்டு வீட்டில் இருந்தது. எடுத்து வந்து பார்த்தால் நம்பர் வேறு. ஆக, என் நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, எவருடையதோ செத்த பேட்டரியை எனக்கே விற்றிருக்கிறார்கள்.

கார்டோடு கடைக்குப் போனேன். "பையன் மாத்திப் போட்டிருப்பான் சார்" என்று 1,450-ஐ ஜிபேயில் திருப்பினார் ஓனர். சிடிஐ? "அது புதுசுதான் சார்." 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் நான் எதை நீட்டுவது, சிகரெட் அட்டையையா?

உங்கள் கார்புரேட்டர் வண்டி மழையில் மக்கர் செய்தால், தள்ளுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். வலது கைப்பிடியில் கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்கும் பட்டன்) இருந்தால் அது ஆஃபில் இருக்கிறதா பாருங்கள், சிரிக்காதீர்கள், பல பேர் அதில்தான் மாட்டுகிறார்கள். பெட்ரோல் டேப்பை ரிசர்வில் வைத்துப் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் மரையை இன்ஜின் இரும்பில் தொடவைத்து, சாவியைப் போட்டுக் கிக் அடியுங்கள். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வையுங்கள், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் சிடிஐ, காயில் போய்விட்டது என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். பொறி இல்லையென்றால் கேப்பையும் பிளக்கையும் துடைத்துக் காயவைத்துவிட்டு இன்னொரு தடவை. பிளக் பெட்ரோலில் நனைந்து வந்தால் சோக்கை (குளிரில் கிளம்புவதற்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் நெம்பு) ஆஃபில் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக்கொண்டு நாலு கிக்.

கடையில் விட்டே ஆக வேண்டும் என்றால் பேட்டரி நம்பரைப் போனில் படம் எடுத்துவிட்டு விடுங்கள். மாற்றிய சாமான் எதுவானாலும் பழையதைக் கையில் வாங்குங்கள்.

கிளம்பும்போது ஓனரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், என் பேட்டரி எங்கே என்று. "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார். பத்து மாதப் பேட்டரி. எவர் வண்டியில் செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கிறதோ.