கிரகணக் கண்ணாடியா, ஊசித்துளை அட்டையா?

சூரிய கிரகணம் பார்க்க இரண்டு வழிகள். காட்சி என்று பார்த்தால் கிரகணக் கண்ணாடிக்கு ஈடில்லை. கறுப்பு வானில் ஆரஞ்சு வட்டு. அதன் ஓரத்தை நிலா கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு போவது துல்லியமாகத் தெரியும். ஆனால் எல்லாமே கண்ணாடியில் உள்ள, ஒளியைத் தடுக்கும் மெல்லிய படலத்தை நம்பித்தான். இந்தக் கண்ணாடிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 12312-2-இன்படி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 0.0032 சதவீதத்துக்கு மேல் உள்ளே வரக்கூடாது. போடும் முன் வீட்டு விளக்கை அதன் வழியே பாருங்கள். பளிச்சென்று தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கீறலோ ஓட்டையோ இருந்தாலும் அப்படியே. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய பயம்: அது சுட்டுப்போனது பல மணி நேரம் கழித்து, பார்வை மங்கும்போதுதான் தெரியவரும். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் சூரியனைப் பார்க்கவே கூடாது; குவிந்த வெப்பம் படலத்தைப் பொசுக்கிவிடும்.

ஊசித்துளை அட்டை என்பது ஊசியால் சிறு துளை போட்ட அட்டைதான். இதில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம். பார்ப்பது, துளை வழியாக வெள்ளைத் தாளில் விழும் சூரியனின் பிம்பத்தை. பிம்பம் சிறியது: துளையிலிருந்து 1 மீட்டர் தள்ளித் தாளைப் பிடித்தால் சுமார் 9 மி.மீ. தூரம் கூடினால் பெரிதாகும், மங்கவும் செய்யும். துளை வழியாகச் சூரியனைப் பார்ப்பதுதான் இதில் நடக்கக்கூடிய தவறு, குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரத்தடியில் நின்றால் அட்டைகூட வேண்டாம். இலை இடுக்குகளே துளைகளாகி, தரையெல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகள்!

சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் நான் அட்டையைத்தான் எடுப்பேன். சோதித்த கண்ணாடி கையில் இருக்கும் பெரியவர்கள் அதைப் போட்டு, குனிந்து, கண்ணாடி சரியாக உட்கார்ந்த பிறகே நிமிர்ந்து பார்க்கட்டும்.