அஸ்தி கரைப்பா, கடலடி நினைவுப் பாறையா?

மும்பை சிவாஜி பார்க் மயானத்தில் அப்பாவுக்குப் பால் தெளித்து எலும்பு பொறுக்கிய அன்றே, தாதர் கரையில் இடுப்பளவு நீரில் நின்று அண்ணன் அஸ்தியைக் கரைத்தார். ஓதம் ஏறும் நேரமாதலால், கலயத்தின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணி அடுத்த அலையிலேயே எங்கள் காலடிக்குத் திரும்பி வந்தது. "திதிக்கு எந்த இடத்தைப் பார்த்துக் கும்பிடுவது?" என்று அம்மா கேட்டார்.

அமெரிக்காவின் மயாமி அருகே, கீ பிஸ்கேன் கடலில் ஏறத்தாழ 40 அடி ஆழத்தில் 2007 முதல் இயங்கும் நெப்டியூன் நினைவுப் பாறை அக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே அஸ்தியைச் சிமென்ட்டோடு குழைத்து வார்த்து, தூண்களும் வாயில்களும் கொண்ட ஒரு கற்பனைப் பழநகரின் வடிவில் பதிக்கிறார்கள். உறவினர் மூழ்கிச் சென்று பார்க்கலாம். நடுகல்லை நீர்ப்படை செய்து, அதாவது நீராட்டி, நட்ட மரபினருக்கு இது அந்நியமான எண்ணமன்று. ஆனால் கரைப்பதன் பொருளே பிடித்து வைக்காமல் விடுவதுதான் என்பதால், இரண்டையும் ஒன்றெனக் கொள்ள என் மனம் இசையவில்லை.

பயனிலும் வேறுபாடு உண்டு. மீனையும் பவள உயிரியையும் ஈர்ப்பவை கான்கிரீட்டின் சொரசொரப்பும் பொந்துகளும்தாம். அஸ்தி அதற்கு எதையும் கூட்டுவதில்லை. மேலும், கலங்கிய மும்பைக் கடலில் மூழ்கிப் பார்ப்பது மயாமியைப் போல எளிதன்று. இங்கே கடலின் மரபுச் செல்வம் என்பது வொர்லிக் கோட்டையடியில் இன்றும் வலை உலர்த்தும் கோலிவாடா என்னும் மீனவர் குடியிருப்பு. 2024இல் அதன் அருகே இறக்கப்பட்ட செயற்கைப் பாறைகள் எவர் அஸ்தியும் கலவாதவை, மீனுக்காகவே வைக்கப்பட்டவை.

ஆகவே அஸ்தியை வழக்கம்போலக் கரைத்துவிட்டு, நினைவுக்கான பணத்தை வெறும் பாறைக்குத் தருவதே மேல் என்பேன். தாராவித் தமிழரில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம். மீனவர் 'பார்' என்றழைக்கும் பவளத்திட்டுகளை அங்கே சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக நெடுங்காலம் வெட்டினார்கள். அரிப்பில் சுருங்கிய, தூத்துக்குடியை அடுத்த வான்தீவைக் காக்க 2015 முதல் ஆயிரக்கணக்கான கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கவேண்டி வந்தது. எங்கள் பூர்வீக வீட்டுக் கடைக்காலிலும் பவளக்கல் இருக்கிறது. அதைச் சொன்னதும் அம்மா, அப்பா பேரில் அங்கே ஒரு பாறை இறக்க வழியுண்டா என்று விசாரிக்கச் சொன்னார்.