ராயல் நேஷனல் பார்க்: கடற்கரையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போங்கள்

சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ராயல் நேஷனல் பார்க்குக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறேன். 1879-ல் அறிவிக்கப்பட்ட, ஆஸ்திரேலியாவின் முதல் தேசியப் பூங்கா, பரப்பு 15,000 ஹெக்டேர் பக்கம் வரும். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நம்மவர்கள் நேரே கூட்டிப்போவது வாட்டமொல்லா கடற்கரைக்கும் வெட்டிங் கேக் பாறைக்கும்தான். அந்தப் பாறை சரிந்து விழும் அபாயம் இருப்பதால் வேலி போட்டிருக்கிறார்கள், அதையும் தாண்டிப்போய் செல்ஃபி எடுக்கிற ஆட்களை என்ன சொல்ல. கோடை ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் பார்க்கிங்குக்கு அலையவேண்டியதுதான்.

என் ஓட்டு லேடி காரிங்டன் டிரைவுக்கு. பூங்காவுக்குள் இருக்கும் ஆட்லியில் தொடங்கி ஹாக்கிங் ஆற்றை ஒட்டியே சுமார் 10 கி.மீ. போகும் பழைய வண்டிப்பாதை. இப்போது கார் கிடையாது, நடக்கிறவர்களும் சைக்கிளும் மட்டும். பெரிய ஏற்றம் இல்லாததால் வயதானவர்களும் முடிந்த தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். ஜூன், ஜூலையில் விடியற்காலையில் போங்கள், மற்ற பறவைகளின் குரலை அப்படியே காப்பியடிக்கும் லயர்பேர்ட் பறவை அப்போதுதான் அதிகம் பாடும். பார்வைக்குப் பழுப்பு நிறம், கோழி மாதிரி காலால் சருகைக் கிளறிக் கிளறிப் புழு தேடிக்கொண்டிருக்கும். ஆண் பறவை பாட ஆரம்பித்தால்தான் விஷயமே: நீளமான விசில், முடிவில் சாட்டை சொடுக்குகிற சத்தம், அது விப்பேர்ட் என்ற பறவையின் குரல், உடனே கூக்கபரா பறவையின் சிரிப்பு, அப்புறம் ஏதோ கிளியின் கத்தல். புதருக்குள் நாலைந்து பறவை இருக்கிறது என்று எட்டிப்பார்த்தால் ஒரே ஒரு ஆள், நீள வாலைத் தலைக்குமேல் விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கும். பேசாமல் நின்றால் அதுபாட்டுக்குப் பாடும், கிட்டே போனால் ஓடிவிடும்.

வாலபி என்ற சின்னக் கங்காருவும், உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் எகிட்னாவும் அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணில் படும். மான் நிச்சயம் படும், ஆனால் அது 1906-ல் கொண்டுவந்து விட்ட ருசா மான், இந்த மண்ணின் செடிகொடிகளுக்குப் பெரிய தொல்லை. ஆட்லி புல்வெளியில் கட்டுச்சோற்றைப் பிரித்தால் கொக்கட்டூ கிளிகள் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்ளும். தயவுசெய்து எதுவும் போடாதீர்கள்.

குறைகளும் உண்டு. பலத்த மழை பெய்தால் ஆட்லி தடுப்பணைக்கு மேல் தண்ணீர் ஓடும், சாலையை மூடிவிடுவார்கள், வேறு வழியாகச் சுற்றிப் போகவேண்டும். காட்டுத்தீ அபாயம் மிக அதிகமான நாட்களில் பார்க்கையே மூடுவதுண்டு, அதனால் கிளம்பும் முன் பூங்கா இணையதளத்தில் அறிவிப்பைப் பாருங்கள். உள்ளே பல இடங்களில் போன் சிக்னல் வராது. மழைக்குப் பிறகு அட்டை. வெயில் காலத்தில் உண்ணி. அட்டை பரவாயில்லை. உண்ணி கடித்தால் விரலால் பிடுங்காதீர்கள், மருந்துக்கடையில் அதை உறையவைத்துக் கொல்லும் ஸ்ப்ரே விற்கிறார்கள், அதை அடித்து விட்டால் தானாக விழும். அதனால் வெயில் அடித்தாலும் முழுக்கால் பேண்ட்தான்.

காரில் போனால் நாள் கட்டணம் உண்டு. அடிக்கடி போகிறவர்கள் வருடாந்திர பாஸ் வாங்கிவிடுவது லாபம். காரே வேண்டாம் என்றால் ரயிலில் ஹீத்கோட்டில் இறங்கி, கார்லூ குளம், உலூலா அருவி வழியாக நடந்து வாட்டர்ஃபால் ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம், பூங்காக் கட்டணமும் இல்லை. குளத்துக்கு இறங்கும் வழியும் அதன்பின் வரும் ஏற்றமும் முழங்காலைப் பதம் பார்க்கும். தண்ணீர் தாராளமாக எடுத்துப்போங்கள், வழியில் கடை கண்ணி எதுவும் கிடையாது.