குரக்கன் மாவில் கோதுமை: ஹட்டன் பக்கம் வாங்குபவர்கள் கவனம்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் குரக்கன் (கேழ்வரகு) மா வாங்குபவர்கள், அதிலும் வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய் இருந்தால், இதை முழுதாகப் படியுங்கள்.

எனக்கு இந்த நோய் இருப்பது போன வருடம்தான் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை எட்டு மாதம் விழுங்கியும் ஹீமோகுளோபின் 8.2ஐத் தாண்டவில்லை. வயிறு உப்பி, வகுப்பில் நின்று பாடம் நடத்தவே முடியாமல் போனது. கண்டியில் ரத்தத்தில் டி.டி.ஜி. எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்தார்கள். அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் துணுக்கு எடுத்து உறுதிப்படுத்தினார்கள். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பே என் குடலைத் தாக்குகிறது. இதற்கு மாத்திரை இல்லை. ஆயுள் முழுக்க அதைச் சாப்பிடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனபோது துணியில் கட்டிக்கொண்டு போனதும் கோதுமை ரொட்டி, நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் கோதுமை ரொட்டி. சோறு மூன்று வேளையும் இறங்கவில்லை. அதனால்தான் குரக்கனுக்கு வந்தேன். குரக்கனில் இயல்பாகவே க்ளூட்டன் கிடையாது.

டவுனில் ஒரு கடையில் 'க்ளூட்டன் ஃப்ரீ, 100% சுத்தமான குரக்கன் மா' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட் கிடைத்தது. சாதாரண மாவைவிட இரண்டு மடங்கு விலை. உடம்புக்காகத்தானே என்று மாதம் நான்கு பாக்கெட் வாங்கினேன். ரொட்டி அருமையாக வந்தது. ஓரம் வெடிக்காமல் மெல்லிசாக விரியும், தோசைக்கல்லில் இருந்து உடையாமல் எழும்பும். "இந்த மா நல்ல மா பிள்ளை" என்று அம்மாவே சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தால், இறங்கியிருக்க வேண்டிய டி.டி.ஜி. கூடியிருந்தது. டாக்டர், "வெளியில் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் ஒளித்துச் சாப்பிடுகிறேனோ என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. அம்மாதான் பாவம். தன் கைத்தவறு என்று நினைத்து, சட்டி, கரண்டி, ரொட்டிக் கட்டை எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாவையே சோதித்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடி மாவைத் தண்ணீர் விட்டு நன்றாகப் பிசைந்து, அரை மணி நேரம் வைத்தேன். பிறகு மெல்லிய துணியில் கட்டி, பைப்புத் தண்ணீரைச் சன்னமாக விட்டுப் பிசைந்து பிசைந்து கழுவினேன். தனிக் குரக்கன் என்றால் கரைந்து போய்த் தவிடுதான் மிஞ்சும். எனக்கோ துணிக்குள் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு உருண்டை தங்கியது. விரலால் இழுத்தால் சூயிங்கம் மாதிரி நீண்டது, விட்டால் சுருங்கியது. அதுதான் க்ளூட்டன். ஆனால் ஒன்று, இந்தச் சோதனையில் நிறையக் கலந்தால்தான் பிடிபடும். ஒன்றும் மிஞ்சவில்லை என்பதற்காக மா பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக உணவுத் தரமான கோடெக்ஸின்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருந்தாலே 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று போடக்கூடாது.

கடைக்குப் போய்க் கேட்டேன். மறைக்கவே இல்லை. "தனிக் குரக்கன் என்றால் ரொட்டி உடையுது என்று ஆட்கள் திருப்பிக் கொண்டு வாறாங்க டீச்சர். அதுக்குத்தான் கோதுமை மா சேர்க்கிறோம்."

"அப்போ ஏன் முதலாளி இப்படி ஸ்டிக்கர் ஒட்டினீங்க?"

"அது சீனி வருத்தக்காரருக்கு ஒட்டுறதுதானே டீச்சர்."

மீதிப் பாக்கெட்டுக்குக் காசு தருகிறேன் என்றார். நான் வாங்கவில்லை. பிரிக்காத ஒரு பாக்கெட்டையும் பில்லையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்து முறைப்பாடு செய்தேன். அது முடியும்வரை கடைப் பெயரைப் போடவில்லை. பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விபரம் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இதை அவசரமாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிளினிக்கில் ஒரு தாய், ஆறு வயது மகனுக்கு இதே நோய் என்று சொல்லி, மா எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார். நான்தான் அந்தக் கடையைச் சொன்னேன். அவருடைய இலக்கம் என்னிடம் இல்லை. அந்தப் பிள்ளை உயரமும் நிறையும் போடாமல் மெலிந்து இருந்தான். அந்த அம்மா இதைப் படித்தால், அல்லது அவரைத் தெரிந்தவர்கள் படித்தால், தயவுசெய்து அந்த மாவை நிறுத்தச் சொல்லுங்கள்.

மற்றவர்களும் கடை இடியப்பம், பிட்டு, ஆப்பம், உளுந்து வடையில் கோதுமை மா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கூட்டுப் பெருங்காயத்திலும் சோயா சோஸிலும் கோதுமை இருக்கலாம், லேபிளைப் பாருங்கள். நோய் இருக்குமோ என்று சந்தேகிப்பவர்கள் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் முடிவு சரியாகக் காட்டாது.

நான் இப்போது முழுக் குரக்கனைச் சந்தையில் வாங்கி, வேறு தானியம் கிடந்தால் பொறுக்கிவிட்டு, கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரைக்கிறேன். மில்லுக்குக் கொடுப்பதில்லை, அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைபடலாம். கொதிநீர் விட்டுக் குழைத்தால் ரொட்டி ஓரளவு பிடிக்கிறது. ஓரம் வெடிக்கத்தான் செய்கிறது. மூன்று மாதத்தில் டி.டி.ஜி. பாதியாக இறங்கி, ஹீமோகுளோபின் 10.4 ஆகியிருக்கிறது.