நீண்ட வீடியோவுக்கு எது: உள்ளே பேட்டரி வைத்து யூஎஸ்பி-சி மின்சாரமா, டம்மி பேட்டரியா (பேட்டரி வடிவில் இருக்கும் பெட்டி, அடாப்டர் மின்சாரத்தை வயர் வழியே கேமராவுக்குத் தரும்)?

4கே-யில் மணிக்கணக்கில் ஓடும் மிரர்லெஸ் கேமரா சூடாவதற்கு முதல் காரணம் சென்சாரும் பிராசசரும்தான். பேட்டரி அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கும். சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜ் குறையும். அதே வேலைக்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும், உள் மின்தடையில் சூடு ஏறும்.

யூஎஸ்பி-சி எளிது. கேபிள் பிடுங்கிக்கொண்டாலும் உள்ளே இருக்கும் பேட்டரி ரெக்கார்டிங்கைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் சில மாடல்கள் படம் பிடிக்கும்போதே சார்ஜும் ஏற்றும். அந்தச் சூடு தனி.

டம்மியில் செல்லே இல்லை, அதனால் அந்தப் பெட்டிக்குள் சூடு பிறக்காது. 7.2 வோல்ட் பேட்டரி கேமராவுக்கு ஏறக்குறைய 8 வோல்ட், 2 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். மலிவு சரக்கில் லோடு ஏறினால் வோல்டேஜ் சரிந்து கேமரா அணையும். வயர் கழன்றால் ஓடிக்கொண்டிருந்த ஃபைலும் கெட்டுப்போகலாம். வயரை டிரைபாடில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் ஓரிடத்தில் நிற்கும் கேமராவுக்கு டம்மிதான் சரி. கையில் தூக்கி அலைவதற்கு யூஎஸ்பி-சி. எதுவானாலும் திரையைக் கேமராவின் உடம்பிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள். சோனியில் 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்' அமைப்பை (எவ்வளவு சூட்டில் கேமரா தானாக அணைய வேண்டும் என்பது) 'ஹை' ஆக்குங்கள். அப்போது கேமரா உடம்பு கை பொறுக்காத அளவு சுடலாம், டிரைபாடில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.