8,400 ரூபாவுக்கு வந்த கட்டுக்கம்பி: வேப் கொயில் சுற்றுகிறவர்கள் கவனம்

நேற்று இரவு பதினொரு மணிக்கு, கம்பி விற்ற பேஸ்புக் பக்கம் என்னை பிளொக் பண்ணிவிட்டது. சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன். போனது 8,400 ரூபா.

நான் தலவாக்கலைப் பக்கம் வயரிங் வேலை செய்கிறவன். சிகரட்டை விட்டு இரண்டு வருடம், வேப்பில்தான், அதாவது மின்சிகரட்டில்தான், ஓடுகிறது. (பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.) அதில் பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்குகிற கம்பிச் சுருள்தான் கொயில். ரெடிமேட் கொயில் எங்கள் டவுனில் கிடைக்காது. அதனால் நானே கம்பி சுற்றிப் பஞ்சு வைத்துக்கொள்வேன். கம்பி முடிந்ததும் பேஸ்புக்கில் வேப் சாமான் விற்கிற ஒரு பக்கத்தில் கேட்டேன். பெயர் போடவில்லை. கடை முகவரி இல்லாத பக்கம் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் சிங்களத்தில்தான் எழுதினேன். திரும்பி வந்தது தமிழில் ஒரு குரல் பதிவு. "அண்ணே, எந்தத் தோட்டம்? நமக்கும் பொகவந்தலாவதான்." அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். அவனுடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவராம். லயம், பிரட்டுக்களம் என்று பத்து நிமிடம் கதைத்தோம். நிக்ரோம் ஒரு ரோல், காந்தல் ஒரு ரோல் (இரண்டும் சூடாக்குகிற கம்பி வகை), இரண்டும் 26 கேஜ் தடிப்பு, பஞ்சு இரண்டு பக்கட், கொயிலின் மின்தடையை அளக்க ஒரு சின்ன ஓம் மீற்றர். எல்லாம் 8,400. பார்சல் கைக்கு வந்ததும் காசு தருகிறேன் என்றேன். "மலைப்பக்கம் கூரியர்ல காசு வாங்க மாட்டாங்க அண்ணே. நம்ம ஆளையே ஏமாத்துவேனா?" என்றான். வங்கிக் கணக்கு வேறு யாரோ பெயரில் இருந்தது. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டும் போட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

பார்சல் வந்தது. ஓம் மீற்றர் மட்டும் இல்லை. "அடுத்த பார்சல்ல வரும் அண்ணே." அது ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது.

முதல் இரவு நிக்ரோமை 3 மில்லிமீற்றர் கோலில் ஆறு சுற்றுச் சுற்றினேன். 0.6 ஓம் அளவில் காட்டவேண்டும். வேப் மெஷின் "ஷோர்ட்" என்றது, அதாவது தடை மிகக் குறைவு. கொயில் கால் எங்காவது உரசுகிறதா என்று பார்த்தேன், ஆணியை இறுக்கினேன், கழற்றி மறுபடி சுற்றினேன். அதே ஷோர்ட். பிழை என் கையில்தான் என்று நினைத்தேன். மறுநாள் பன்னிரண்டு சுற்றுப் போட்டதும் 0.14 ஓம் காட்டியது. பஞ்சை வைத்து ஒரே ஒரு இழுப்பு. மற்ற ரோலில் காந்தல் என்று போட்டிருந்ததற்குப் பொருத்தமாக வாயெல்லாம் அடிப்பிடித்த சோற்றுக் காந்தல் நாற்றம், தொண்டையில் கரகரப்பு. பஞ்சை இறுக்கி வைத்தால் திரவம் ஏறாமல் இப்படிக் கருகும், தளர்த்திப் பார்த்தேன். மாற்றமில்லை.

அவனுக்கு எழுதினேன். "அது உங்க ஊர்க் குளிர் அண்ணே, லிக்விட் தடிச்சுப் போகும்." குளிரில் தடிக்கும் என்பது உண்மை, அதனால் அதையும் நம்பினேன். அப்புறம் "சுத்தினது பிழை". அப்புறம் "மெஷின் பழசு". போயா லீவு. அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்.

மூன்றாம் நாள் பஞ்சில்லாமல் சூடாக்கினேன். நல்ல கொயில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சிவக்கும். இதில் வெள்ளைப் புகை வந்தது. ஜி.ஐ. பைப் வெல்டிங் செய்கிற இடத்தில் நின்றவர்களுக்கு அந்த வாடை தெரியும், நாகப் (துத்தநாகப்) பூச்சு எரிகிற வாடை. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன், நிக்ரோம் பாய்ந்து ஒட்டியது. அசல் நிக்ரோம் ஒட்டாது. (காந்தல் அசலாக இருந்தாலும் ஒட்டும், அதற்கு இந்தச் சோதனை சரிவராது.) இரண்டு ரோலிலும் ஒவ்வொரு மீற்றர் வெட்டி மல்டிமீற்றரில் வைத்தேன். 26 கேஜ் நிக்ரோம் என்றால் எட்டரை ஓம், காந்தல் என்றால் பதினொன்று. இரண்டுமே 1 ஓம். முலாம் பூசிய கட்டுக்கம்பி! வயரிங் செய்கிறவன், வீட்டிலேயே மல்டிமீற்றர் வைத்திருப்பவன், இரண்டு இரவு ஆணியை முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். பஞ்சைக் கொளுத்தினேன், சாம்பலாகாமல் உருகிக் கறுப்பு மணியாகிவிட்டது. அதுவும் பொலியெஸ்டர்.

படத்தோடு எல்லாவற்றையும் அனுப்பி 8,400 ரூபாவைக் கேட்டேன். "பார்த்துச் சொல்றேன் அண்ணே." பிளொக். 8,400 என்றால் என் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிழமைக் கூலி.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முன்காசு போடாதீர்கள். கணக்கின் பெயரும் பக்கத்தின் பெயரும் வேறென்றால் அங்கேயே நிறுத்துங்கள். புதுக் கம்பியில் ஒரு மீற்றர் அளக்காமல் சுற்றாதீர்கள், மல்டிமீற்றர் முனை இரண்டையும் சேர்த்துவைத்து வருகிற அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். ஷோர்ட் காட்டாத மெக்கானிக்கல் மொட் (சர்க்கிட் இல்லாமல் பெட்டரி நேரே கொயிலுக்குப் போகிற மெஷின்) வைத்திருப்பவர்கள் இப்படிக் கம்பியைப் போட்டால் 4.2 வோல்ட்டில் 0.14 ஓம், 30 அம்பியர். பெட்டரி வெடிக்கலாம்.

ரோல் இரண்டையும் அம்மா எடுத்துக்கொண்டுபோய்ப் போஞ்சிக் கொடிக்குப் பந்தல் கட்டிவிட்டார். 8,400 ரூபாப் பந்தல்.