இருளுக்குத் துணை: கானாவா, நாவலா?

திரையிசைக்கும் வெகுஜன எழுத்துக்கும் வெளியே ஏதேனும் ஒன்றைப் பரிந்துரைக்குமாறு வியாசர்பாடி நண்பர்கள் கேட்டால், நான் தயங்குவது இரண்டுக்கிடையில்தான்: தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பாடல்கள், ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’. 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறிய அந்தக் குழு, வடசென்னையின் சாவு வீடுகளில் ஒலித்து வளர்ந்த கானாவை ராப், ராக் ஆகியவற்றோடு இணைத்துச் சாதியைக் கேள்வி கேட்கிறது. கோபமே அடிநாதம் என்றாலும், கூட்டமாக நின்று பாடுவதால் அதில் ஒரு தெம்பும் இருக்கிறது. 1974இல் வெளிவந்த நாவலோ கந்தன் என்பவனின் ஒரே நாளைச் சொல்கிறது. விளிம்பில் வாழும் அவனுக்காக ஆசிரியர் இரங்குவதுமில்லை, அவனைக் கண்டிப்பதுமில்லை. அந்த நிதானமே வாசகரை நிலைகுலையச் செய்கிறது. பாடல்களை மின்சார ரயிலின் இரைச்சலிலும் (பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிட்டால் இன்னும் நன்றாகவே) கேட்கலாம். நாவலுக்குத் தனிமை வேண்டும். ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொன்னால், என் கை நாவலை நோக்கியே நீளும்.